பழுது கண்டால் பதறாமை

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காவிரியின் வடகரையில் அமைந்த மோகனூர், அறவழிப் போரைத் தமிழில் பாடிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். கரும்பும் வாழையும் விளையும் இவ்வூரில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. வங்கிக் கணக்கு, மின்கட்டணம், எரிவாயுப் பதிவு, தொடர்வண்டிச் சீட்டு, பேரப்பிள்ளையின் முகம் எல்லாம் அக்கருவிக்குள் அடங்கிவிட்டன. அது நின்றுவிட்டால் வீட்டின் இயக்கமே நின்றுவிட்டது போன்ற கலக்கம் முதியவர் உள்ளத்தில் எழுகின்றது.

அருகன் அறம் பேசும் அவையில் கணினிப் பழுதும் கைப்பேசிப் பழுதும் பேசுபொருளாகலாமோ எனச் சிலர் ஐயுறலாம். பழுதினும் பழுதைக் கண்டு கொள்ளும் அச்சமே மிகுந்த கேடு விளைப்பது. அச்சம் நீக்குதல் அறத்தின் பாற்பட்டது. ஆகவே இப்பொருள் இங்குப் பேசத் தக்கதே.

நவம்பர் மாதத்தில் ஒரு நாளை எண்ணிப் பார்க்க. மைய அரசின் ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் மோகனூரில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை அவர் அளித்தாக வேண்டும். இல்லையேல் ஓய்வூதியம் நின்றுவிடும். இதனை மின்வழியில் அளிக்கும் 'ஜீவன் பிரமாண்' முறை 2014 நவம்பர் 10-இல் தொடங்கப்பெற்றது. விரல்ரேகை தேய்ந்த முதியோர்க்கு உதவும் வகையில், முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதியும் 2021 நவம்பரில் வந்தது. அதற்குரிய செயலியை அவர் பதிவிறக்க முயல்கின்றார். 'இடம் போதவில்லை' என்று கைப்பேசி மறுக்கின்றது. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கின்றான். பகலில் அழைத்தால் எடுக்க இயலாது. முதியவர் பதறுகின்றார். இணையத்தில் 'உதவி எண்' என்று தேடி, முதலில் தோன்றிய எண்ணை அழைக்கின்றார். மறுமுனையில் பணிவான குரல் ஒன்று, "கவலைப்படாதீர்கள் ஐயா, நான் சொல்லும் செயலியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்கின்றது. அச்செயலி அவருடைய திரையை அயலானுக்குக் காட்டுவது. வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணும் அத்திரையிலேயே தோன்றுகின்றது. சிறிது நேரத்தில் சேமிப்பு கைமாறிவிடுகின்றது.

இவர் ஒருவரைக் குறித்த கதையன்று இது. நாடெங்கும் இவ்வகை ஏமாற்று நிகழ்ந்து வருதலைக் கண்டு, திரையைப் பகிரும் செயலிகளின் வழி நிகழும் மோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே வங்கிகளை எச்சரித்தது. இங்கு நினைக்க வேண்டியது ஒன்று. அம்முதியவரின் கைப்பேசியில் உண்மையான பழுது எதுவும் இல்லை. நாள்தோறும் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவே. அவற்றுள் பாதியை நீக்கியிருந்தால் செயலி தானே இறங்கியிருக்கும்.

நோய் தீர்க்கும் முறையைத் திருக்குறள் 95-ஆம் அதிகாரத்தில் வகுத்துரைக்கின்றது. நோய் இன்னதென்று தெளிதல், அதன் மூலத்தை அறிதல், தணிக்கும் வழியைத் தேர்தல், பின்னரே செய்தல் என்பது அம்முறை. சமணம் கூறும் மும்மணிகளும் இவ்வரிசையிலேயே அமைந்துள்ளன. நற்காட்சி முதலாவது, நன்ஞானம் அடுத்தது, நல்லொழுக்கம் அதன் பின்னது. வீடுபேற்றிற்கு வழியாகிய அவ்வுயர்ந்த பொருளைக் கருவிப் பழுதோடு ஒப்பிடுதல் மிகையெனத் தோன்றினும், காணாமல் செய்யும் செயல் பயன்தராது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

முதற்படி காண்டல். நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பேர்பெற்றது. தேர்ந்த மெக்கானிக் ஒருவர், வண்டி கிளம்பவில்லை என்று சொன்னவுடன் எஞ்சினைப் பிரிப்பதில்லை. டேங்கில் டீசல் உண்டா, பேட்டரியில் உயிர் உண்டா, நேற்று வண்டி ஓடியதா, இடையில் யாரேனும் கைவைத்தார்களா என்று கேட்பார். கணினிக்கும் கைப்பேசிக்கும் இதுவே முறை. மின்சாரம் வருகின்றதா? சுவிட்ச் போடப்பட்டுள்ளதா? வேறொரு சார்ஜரை, வேறொரு கேபிளை இட்டுப் பார்த்தாகிவிட்டதா? கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லையெனில், சார்ஜர் செருகும் துளையில் சட்டைப்பையின் நூல்தூசு அடைந்திருத்தல் கூடும். கைப்பேசியை முழுவதும் அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் அதனை மெதுவாக நீக்கலாம். ஊசியோ கம்பியோ கூடாது.

திரையில் தோன்றும் செய்தியைப் படித்தலும் காண்டலே ஆகும். பலர் அதனைப் படியாமலே 'சரி' என்னும் கட்டத்தை அழுத்திவிடுகின்றனர். பின்னர், 'ஏதோ ஆங்கிலத்தில் வந்தது' என்கின்றனர். அச்செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்; வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியால் படம் எடுத்தும் வைக்கலாம். பழுது நீக்குவோர்க்கு அதனினும் சிறந்த உதவி இல்லை.

கூர்ந்து காண்டலுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 9-இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து 'மார்க் 2' என்னும் கணினி பிழைபட இயங்கியது. பொறியாளர்கள் ஒவ்வோர் உறுப்பாகத் தேடிச் சென்று, 70-ஆம் எண் ரிலேயில் சிக்கிக் கிடந்த அந்துப்பூச்சி ஒன்றைக் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் குறிப்பும் எழுதி வைத்தனர். அந்த ஏடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. இயந்திரக் கோளாற்றைப் 'பூச்சி' என்னும் பொருள்பட 'பக்' என்று வழங்குதல் எடிசன் காலத்திலேயே உண்டு. மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்டமையால் அந்நிகழ்ச்சி புகழ்பெற்றது.

கொல்லாமையைப் போற்றுவோர்க்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. கருவியின் வெம்மையை நாடி எறும்பும் பல்லியும் பூச்சியும் உள்ளே புகும். அவ்வுயிர் இறப்பதோடு கருவியும் கெடும். பூச்சிமருந்தைக் கணினிக்குள் தெளித்தல் இரு வகையிலும் தீங்கு. அம்மருந்தின் ஈரம் மின்னுறுப்புகளைக் கெடுத்துவிடும். தின்பண்டத்தைக் கணினியருகே வையாமை, பயனில்லாத திறப்புகளை மூடிவைத்தல், வாரம் ஒருமுறை மின்னிணைப்பை நீக்கி மென்மையான தூரிகையால் தூசு தட்டுதல் ஆகியன போதும். சிற்றுயிர்க்கு ஊறு நேராதவாறு துறவியர் மயிற்பீலியால் இருக்கும் இடத்தைத் துடைப்பது போன்ற மென்மை அவ்வேலைக்கு வேண்டும்.

ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று காண வேண்டும் என்பது அநேகாந்தம். 'இணையம் வரவில்லை' என்னும் ஒரே குறைக்கு மூலங்கள் பல. கைப்பேசியில் வைஃபை அணைந்திருக்கலாம். வீட்டு ரௌட்டர் தடுமாறியிருக்கலாம். தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம். எல்லாம் நன்றாயிருக்க, எட்ட இருக்கும் வங்கியின் இணையதளமே நின்றிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிதல் எளிது. வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியில் இணையம் வந்தால், குறை முதற்கைப்பேசியில். இரண்டிலும் வராவிட்டால், குறை ரௌட்டரிலோ கேபிளிலோ. மற்றத் தளங்கள் யாவும் திறந்து ஒன்று மட்டும் திறவாவிட்டால், குறை அத்தளத்தில், பொறுத்திருத்தலே மருந்து. ரௌட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்து ஏற்றுதல் பல தடைகளை நீக்கும். கண்ணாடியிழை இணைப்பில் 'எல்ஓஎஸ்' என்னும் இடத்தில் சிவப்பு விளக்கு எரியுமாயின், ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அந்நிலையில் எதனையும் மாற்றாமல் கேபிள்காரரை அழைத்தலே முறை.

இரண்டாம் படி அறிதல். 'அணைத்துவிட்டு மறுபடி போடு' என்னும் அறிவுரையை இளைஞர் கூறும்போது, அது வேலையற்ற பேச்செனப் பெரியோர் கருதுவதுண்டு. அதற்குக் காரணம் உண்டு. கணினி தன் வேலையைச் செய்யும்போது, இடைக்கணக்குகளை எல்லாம் தற்காலிக நினைவகத்தில் எழுதிக்கொள்கின்றது. அது வகுப்பறைக் கரும்பலகை போன்றது. பல பாடங்கள் அழிக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டால் எதுவும் விளங்காது. மறுதொடக்கம் பலகையைத் துடைத்துத் தூய நிலையிலிருந்து தொடங்கச் செய்கின்றது. சேமித்துவைத்த கோப்புகள் வேறிடத்தில் இருத்தலால் அவை அழிவதில்லை. சேமியாமல் விட்டதே போகும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. அண்மைக்கால விண்டோஸ் கணினிகளில் விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு இருத்தலால், 'ஷட் டவுன்' செய்தாலும் உள்நிலையின் ஒரு பகுதி வட்டில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் மீளும். முழுத் துடைப்பு வேண்டுமெனில் 'ரீஸ்டார்ட்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினியில் வங்கித் தளம் திறவாமல், 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்று எச்சரிக்கை வந்தால், முதலில் கணினியின் நாளையும் நேரத்தையும் பார்க்க. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய ஆண்டைக் காட்டுமாயின், அச்சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது எண்ணிவிடும். பழைய மேசைக் கணினி ஒவ்வொரு முறையும் நாளை மறக்குமாயின், உள்ளே நாணயம் போலிருக்கும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது என்பது பொருள். 'சிஆர் 2032' என்னும் அம்மின்கலம் விலை குறைந்தது. அதற்காகக் கணினியையே மாற்றுதல் வேண்டா. நாள் சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடருமாயின், அதனை மீறி உள்ளே செல்லலாகாது.

விழா மலர்களின் பழைய கோப்புகளைத் திறக்கும்போது தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுதல் மற்றொரு குறை. கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அதனை அழித்தோரும் உண்டு. அது கெடவில்லை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண். மேலே போர்த்தியது தமிழ் வடிவம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நீங்கிவிடுகின்றது. எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும். மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் எங்கும் தெரியும். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. பழைய மலர்களின் கோப்புகளை இப்போதே மாற்றி வைத்தல் வருங்காலத்தார்க்குச் செய்யும் உதவி.

காரணம் அறிந்தோர்க்கு மருந்து எளிதாகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. 2024 ஜூலை 19-இல், 'கிரௌட்ஸ்ட்ரைக்' என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழைபட்ட புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. சென்னை விமான நிலையத்தில் விமானம் ஏறுதற்குரிய 'போர்டிங் பாஸ்' சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. அத்துணைப் பெரிய முடக்கத்திற்கு மருந்து, கணினியை 'சேஃப் மோட்' என்னும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழைபட்ட அந்த ஒரு கோப்பை நீக்கி மறுபடி தொடங்குதலே. கணினிகளைத் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றையும் அழித்து எழுதவும் இல்லை. குறை எங்குள்ளது என்று கண்டபின் அதனை மட்டும் களைந்தனர்.

மூன்றாம் படி ஒழுகுதல். ஒருநேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பத்து அமைப்புகளை ஒருங்கே மாற்றியபின் குறை நீங்கினால் எதனால் நீங்கியது என்று தெரியாது. நீங்காவிட்டால் பழைய நிலைக்கு மீளும் வழியும் தெரியாது. செய்ததைக் குறித்துக்கொள்க, பயன்தராவிட்டால் முன்னிருந்தவாறு வைத்துவிடுக.

எதனையும் தொடுமுன் படி எடுத்து வைத்தல் வேண்டும். சுவடிகளைப் படியெடுத்து வழங்குதலைச் சாஸ்திர தானமாகப் போற்றிய சமுதாயம் இது. பல பிரதிகள் எஞ்சியிருந்தமையால்தான், உ. வே. சாமிநாதையர் அவற்றை ஒப்புநோக்கி, குடந்தைச் சமணப் பெரியோரிடம் ஐயம் தீர்த்துக்கொண்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றது. ஒரே கைப்பேசியில் மட்டும் இருக்கும் குடும்பப் படம், ஒரே பிரதியாக எஞ்சிய ஏட்டுச்சுவடி போன்றது. பென்டிரைவிலோ மற்றொரு கணினியிலோ ஒரு படி இருக்கட்டும். படி எடாமல் 'பேக்டரி ரீசெட்' செய்தல் கூடாது; அது கைப்பேசியிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும்.

செய்யத் தகாதவற்றையும் அறிதல் வேண்டும். ஆடிப்பெருக்கில் காவிரியில் நனைந்த கைப்பேசியை உடனே அணைத்து, சிம் கார்டை எடுத்து, ஈரம் ஒற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். நன்கு உலருமுன் சார்ஜ் ஏற்றலாகாது. அரிசிக்குள் புதைத்தல் பயனற்றது. அரிசித் தூள் உள்ளே புகுந்து தீங்கே செய்யும். பின்புறம் உப்பிய கைப்பேசியைப் பயன்படுத்தலாகாது. மின்கலம் வீங்கியிருக்கின்றது, அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றும். இடி மின்னலின்போது கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிடுதல் நன்று. இவ்விடங்களில் தம் கைத்திறத்தைக் காட்டாமல் தேர்ந்தவரை நாடுதலே அறிவுடைமை. அவரிடம் நிகழ்ந்ததை மறையாமல் கூற வேண்டும். 'கீழே விழவே இல்லை' என்று கூறும் சிறு பொய், அவர் நேரத்தையும் உடையவர் பணத்தையும் ஒருங்கே வீணாக்கும்.

உதவி எண்ணை இணையத் தேடலில் எடுத்தலாகாது. வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணையே அழைக்க வேண்டும். ஓடிபி எண்ணைக் கேட்பவர் எவராயினும் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் இழந்துவிட்டால் நாணத்தால் மறைத்தலாகாது. 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். விரைந்து அறிவித்தால், பணம் கைமாறிச் செல்லும் வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

இனி அம்முதியவரின் திண்ணைக்கு மீள்க. 'இடம் போதவில்லை' என்னும் செய்தியை அவர் நிதானமாகப் படிக்கின்றார். அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' என்னும் பகுதியைத் திறந்து, இடத்தை அடைத்திருப்பது எது என்று காண்கின்றார். வேண்டும் படங்களைப் படியெடுத்து வைத்து, வேண்டாதவற்றை நீக்குகின்றார். மிகுபொருள் விரும்பாமை சிராவகர்க்குரிய ஐந்து விரதங்களுள் ஒன்று; அது பெட்டிக்கும் பேழைக்கும் மட்டும் உரியதன்று. இடம் கிடைத்ததும் செயலி இறங்குகின்றது. கேமராக் கண்ணாடியைத் துடைத்து, முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமர்கின்றார். அதற்குப் பின்னும் சான்று கிட்டாவிட்டாலும் பதற்றம் தேவையில்லை; வங்கிக் கிளையும் அஞ்சலகமும் இ-சேவை மையமும் இருக்கின்றன. வழி ஒன்றன்று, பல என்று அறிந்தவரை எந்தக் குரலும் எளிதில் ஏமாற்றாது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தாத்தா கைப்பேசியை நீட்டும்போது அதனைப் பிடுங்கி, அரை நிமிடத்தில் சரிசெய்து, திருப்பிக் கொடுத்துவிடுதல் உதவிபோலத் தோன்றும். அடுத்த முறையும் அவர் கையேந்தவே அது வழிசெய்யும். கருவி அவர் கையிலேயே இருக்கட்டும். அவர் விரலே அழுத்தட்டும். ஒருமுறை தவறினால் மறுமுறை சொல்லுக. பெரிய எழுத்தில் ஒரு தாளில் படிகளை எழுதிக் கொடுக்க. மகன் எண், வங்கி எண், 1930 ஆகிய மூன்றும் அத்தாளின் தலையில் இருக்கட்டும்.

உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் எனத் தானம் நான்கு. முதியவர் ஒருவர்க்கு இவ்வாறு பொறுமையோடு கற்பிப்போர், அறிவுக் கொடையாகிய சாஸ்திர தானத்தோடு, அச்சம் நீக்கும் அபய தானத்தையும் செய்தவராகின்றனர். இவ்விழா நாளில் ஒவ்வோர் இளைஞரும் தம் வீட்டிலோ அயல் வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவர்க்கேனும் இதனைச் செய்ய முன்வருவாராக.

அனைத்துயிர்க்கும் நலம் விளைக. ஜெய் ஜினேந்திர.